இலை தண்ணீரில் விழும்வரை

எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நான் துணி காயப்போட்டுப் பல வருஷம் ஆகிறது. ஏன் என்று மாடியில் குடியிருக்கும் ஜெனில்சனைத்தான் கேட்க வேண்டும். வந்த நாளில் இரண்டு தொட்டிச் செடியோடு வந்தான். "அக்கா, ஒரு ஓரமா வெச்சுக்கறேன்" என்றான். அவன் ஓரம் எவ்வளவு பெரிய ஓரம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு அங்கே கால் வைக்க இடமில்லை. அருவதா, துளசி, ரணகள்ளி, பிட்டாங்காப் பழச்செடி, வாசலைக் காவல் காக்கும் வாள்செடி எல்லாம் போதாதென்று பெயிண்ட் டப்பாவில் ஒரு பலாக்கன்று வேறு. மாடியில் பலா! மழை பெய்தால் என் அடுப்பங்கரை ஒழுகுகிறது. சண்டை பிடிக்கப் படியேறிப் போவேன். "என்னக்கா, மூஞ்சி வாடிக் கெடக்கு?" என்று கேட்டுக்கொண்டே இரண்டு இலையைக் கிள்ளி, கசக்கி, என் உச்சந்தலையில் வைத்துவிடுவான். வந்த காரியத்தை மறந்து நானும் இறங்கி வந்துவிடுவேன். ஒழுகல் மட்டும் இன்னும் நிற்கவில்லை.

நான் ஜுஸாரா. பிரேசிலில், சல்வடோர் ஊரில், ஃபெடரசாவ் மேட்டில் பிறந்து, அங்கேயே கிடக்கிறவள். கீழே கடற்கரைப் பக்கம் ஒரு கடையில் தலை பின்னுகிறேன். என்னிடம் தலையைக் கொடுத்தவர்கள் கதையையும் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள். ஆனால் இது நான் பஸ்ஸில் உட்கார்ந்து என் இரண்டு கண்ணால் பார்த்த கதை.

ஜெனில்சன், எங்களுக்கு ஜெனி, ஒடிசலான ஆள். எங்கள் மேட்டில் எல்லாரும் கறுப்புதான், இவன் எண்ணெய் தேய்த்த கறுப்பு. நகத்தில் வெள்ளிப் பூச்சு, காதில் சிப்பி, நடையில் ஒரு ராணி. ஆம்பளைகளைத்தான் பிடிக்கும் என்று மீசை முளைக்கும் முன்னமே சொல்லிவிட்டான். அப்பன் துரத்திவிட்டான். பள்ளிக்கூடத்தில் கல்லெறிந்தார்கள். மேட்டுக்கோடியில் இருக்கிற ஒரிஷா கோயில்தான், ஆப்பிரிக்காவிலிருந்து எங்கள் பாட்டன்மாரோடு வந்த சாமிகளின் கோயில், அவனை உள்ளே கூப்பிட்டுத் தட்டில் சோறு போட்டது. யார் கை எதற்கு என்று அங்கே பார்ப்பார்கள். இவன் கை இலைக்கு என்றார்கள். இலைகளுக்குச் சொந்தக்காரரான ஒசைன் சாமியிடம் அன்றைக்குப் போய்ச் சேர்ந்தவன்தான்.

பிறகு கலைஞன் ஆனான். எப்படி ஆனான் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மேட்டில் இவனைப்போல் இருக்கிற பையன்கள், ஆம்பளைகள் எல்லாம் இவனிடம் வருவார்கள். இலை கசக்கிய தண்ணீரைத் தலையில் ஊற்றி, பாட்டுப் பாடி, வெள்ளைத் துணியில் படுக்கச் சொல்வான். உடம்பைச் சுற்றிப் பச்சிலையை அடுக்கி, ஆள் எழுந்ததும் மரச்சுத்தியால் டொக் டொக்கென்று தட்டுவான். இலைச் சாறு இறங்கி, ஆள் படுத்திருந்த இடம் மட்டும் வெள்ளையாக நிற்கும். அதுதான் படம்.

"இதுல என்னடா கலை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கறுப்புன்னு பாதி, இப்படி இருக்கோம்னு மீதி, ஊரே எங்க மேல காறித் துப்பியிருக்குக்கா. அது தோல்ல ஒட்டிக்கிட்டுப் போக மாட்டேங்குது. இலை அத எடுத்துடும். எடுத்ததுக்கு அப்புறம் அந்த ஆள் எவ்ளோ வெள்ளையா, சுத்தமா நிக்கறான்னு அவனுக்கே காட்டறேன். அவ்ளோதான்."

"அதுக்கு எதுக்குடா என் மெத்தை விரிப்ப எடுத்த?"

அவன் சுத்தியை எடுத்து மறுபடி தட்ட ஆரம்பித்துவிட்டான். அது நல்ல விரிப்பு, கல்யாணத்துக்கு வந்தது. கல்யாணம் போய்விட்டது, விரிப்பாவது மிஞ்சியதே என்று வைத்திருந்தேன்.

இனி பீராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முழுப்பெயர் உபிராத்தான். நான் தினமும் வேலைக்குப் போகிற பஸ்ஸின் டிரைவர். ஆள் ஒரு கதவு அகலம், குரல் கல் உரலில் அரைத்தது மாதிரி. டிப்போவில் அவனுக்குக் 'காளை' என்று பெயர். இந்தக் காளை ஆறு வருஷமாக எங்கள் மாடியில் ஜெனியோடு குடும்பம் நடத்துகிறது. காலையில் சோளமாவில் அவித்த குஸ்குஸும் முட்டையும் ஜெனி கையால்தான் சாப்பிடுகிறது. ஆனால் வெளியே கேட்டால் கதை வேறு. ரொட்டிக்கடைக்காரரிடம் "அவன் என் ஒண்ணுவிட்ட தம்பி." மாதாகோயில் கிழவிகளிடம் "மாடியில ஒரு ரூம்ல வாடகைக்கு இருக்கேன்." டிப்போவில் "நான் அந்தப் பக்கமே இல்லீங்களே." மேட்டில் நாய்க்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன் சோறாவது நிறையப் போட வேண்டாமா?

ஒரு தடவை ஜெனி இவனையும் துணியில் படுக்கவைத்துப் படம் எடுத்துவிட்டான். எடுத்தவன் அதை மாடிக் கொடியில் காயப்போட்டான். காலையில் தெருவே அண்ணாந்து நின்றது. அந்தத் தொப்பை இந்த ஊரில் ஒருவருக்குத்தான் உண்டு. பீரா வேலைக்கு இறங்கி வந்தவன், கூட்டத்தையும் கொடியையும் பார்த்தான்.

"என்னய்யா பாக்கறீங்க? பிரேசில் மேப்புய்யா அது!" என்றான்.

"அப்போ தொப்புள் இருக்குற எடத்துல எந்த ஊரு, பீரா?" என்று ரொட்டிக்கடைக்காரர் கேட்டார். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. ஜெனியும் மாடியில் நின்று சிரித்தான். அதெல்லாம் அவனுக்குக் கோபம் வருகிற விஷயமில்லை.

கோபம் வந்தது வேறொரு நாள். பீராவின் பஸ்ஸில் கண்டக்டர் வாண்டர்லே என்று ஒரு வாயாடி. ஜெனி அன்றைக்குக் கைநிறைய இலையோடு அந்த பஸ்ஸில் ஏறினான். "வழி விடுங்கப்பா, மகாராணி காட்டுக்குப் போயிட்டு வர்றாங்க!" என்று வாண்டர்லே இடுப்பை ஆட்டிக் காட்டினான். பஸ் சிரித்தது. பரவாயில்லை, ஜெனி இதுபோல ஆயிரம் பார்த்தவன். ஆனால் முன்னால் கண்ணாடியில் பீராவின் முகம் தெரிந்தது. பீராவும் சிரித்தான்.

அடுத்த நிறுத்தத்தில் ஜெனி இறங்கிவிட்டான். "அவன் ஓட்டற பஸ்ஸுல இனி நான் ஏற மாட்டேன்க்கா" என்று மட்டும் என்னிடம் சொன்னான். அன்றிலிருந்து எங்கே போனாலும் நடைதான். பீரா எவ்வளவோ கெஞ்சினான், மீன் குழம்பு வைத்துக்கூடக் கொடுத்தான். ஜெனி குழம்பைச் சாப்பிட்டான், பஸ்ஸில் ஏறவில்லை.

இப்படி இருக்கும்போது, கடற்கரையோரக் கலைக்கூடம் ஒன்றில் ஜெனியின் படங்களை வைக்கப் போவதாகச் செய்தி வந்தது. திறப்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சுவரெல்லாம் துணிப் படங்கள், தரையெல்லாம் பிட்டாங்கா இலை, நடுவில் ஒரு பெரிய மண்தொட்டியில் இலைத் தண்ணீர். வருகிற ஆம்பளைகள் தலை குனிந்தால் ஜெனி ஊற்றுவான். மேடே புதுத்துணி எடுத்தது. பீரா மட்டும் "எனக்கு டியூட்டி இருக்கு" என்றான்.

வியாழக்கிழமை சாயங்காலம் மாடியில் பெரிய சண்டை. எங்கள் வீட்டுத் தளம் மெல்லியது, நான் காதை வைத்துக் கேட்கவில்லை, காதில் விழுந்தது.

"ஊர்ல இருக்குறவன் வெக்கத்தையெல்லாம் கழுவி விடறேன். எங்கூட்டு ஆளு வெக்கம் மட்டும் ஊறிப்போய்க் கெடக்குது. நாளைக்கு நீ வரணும், பீரா. யாருன்னு கேட்டா சொல்லணும்."

"வாண்டர்லே என்ன சொல்லுவான் தெரியுமா? டிப்போவுல என்ன பண்ணுவாங்க தெரியுமா?"

"வரலன்னா உன் பொட்டி படிக்கட்டுல இருக்கும்."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. ஜெனி சும்மா மிரட்டுகிற ஆளில்லை. அப்பன் வீட்டைவிட்டு வந்தபோதும் திரும்பிப் பார்க்காமல்தான் வந்தான். இரண்டு பேரையும் எனக்குப் பிடிக்கும். சொல்லாமல் என்ன?

மறுநாள் காலையில் வேறொரு வில்லங்கம். மண்தொட்டிக்கு எல்லா இலையும் தயார், ரணகள்ளி மட்டும் இல்லை. அந்த வாரம் மேடு முழுக்க இருமல். ரணகள்ளிச் சாறு நெஞ்சுச் சளிக்கு நல்லது என்று ஆளாளுக்கு வந்து கேட்டார்கள். ஜெனிக்கு இல்லை என்று சொல்ல வராது. கடைசித் தொட்டியையும் மொட்டையாக்கி என் இருமலுக்கே கொடுத்திருந்தான். ரணகள்ளி இல்லாத தண்ணீர் தலையில் ஊற்ற ஆகாது, மனசைக் குளிர வைக்கிற இலை அதுதான்.

பெரிய சாலையில், பணக்கார அடுக்குமாடி ஒன்றின் வாசல் பாத்தியில் அழகுக்காக ரணகள்ளி வைத்திருக்கிறார்கள். ஜெனி விடியலில் அங்கே போனான்.

இலை பறிக்கப் போகிற முறை எங்கள் பக்கம் குழந்தைக்குக்கூடத் தெரியும். வீட்டுப்படி இறங்கினதிலிருந்து இலை தண்ணீரில் விழும்வரை மனுஷரோடு ஒரு வார்த்தை பேசக்கூடாது. பேசினால் இலையின் பலம் அந்தப் பேச்சோடு போய்விடும். செடியிடம் மட்டும் பாடலாம். பாடி, கொஞ்சம் தேனும் புகையிலையும் வைத்து, அனுமதி கேட்டுத்தான் கிள்ள வேண்டும். கையில் இலை இருக்கும்போது பொய்யும் ஆகாது. ஜெனி இதில் துளி பிசகமாட்டான். ஒருமுறை இலையோடு வருகையில் காலில் ஆணி குத்தி, என் பக்கெட்டில் இலையைப் போட்டுவிட்டுத்தான் "அய்யோ" என்றான்.

அன்றைக்கு நான் வழக்கம்போல பீராவின் பஸ்ஸில் முன்சீட்டில் இருந்தேன். பீரா தூங்காத கண்ணோடு ஓட்டினான், வாண்டர்லேயின் ஜோக்குக்கும் சிரிக்கவில்லை. அந்த அடுக்குமாடிக்கு எதிரே நிறுத்தத்தில் பஸ் நின்றது. பார்த்தால், பாத்தியருகே வெள்ளை உடுப்பில் ஜெனி. ஒரு கையில் ரணகள்ளி. இன்னொரு கையைக் காவலாளி பிடித்திருந்தான். பக்கத்தில் போலீஸ் ஜீப்.

"நானும் கேட்டுக்கிட்டே இருக்கேன் சார், வாயத் தொறக்க மாட்டேங்கறான்" என்று காவலாளி கத்தினான். தூரத்துக் கிராமத்திலிருந்து புதிதாக வந்தவன் போலிருக்கிறது. "செடிகிட்ட உக்காந்து பாட்டுப் பாடறான் சார்! எங்கிட்ட மட்டும் பேச்சு வரல. வாயில என்ன கொழுக்கட்டையாடா?"

ஜீப்பிலிருந்து ஒரு கிழட்டு ஏட்டு இறங்கினார். "பேரு என்ன, தம்பி?"

ஜெனி இலையைக் காட்டினான். வாயைக் காட்டினான். தண்ணீர் ஊற்றுகிறாற்போல் சைகை காட்டினான்.

"தாகமா?"

ஜெனி தலையில் அடித்துக்கொண்டான்.

எங்கள் ஊரில் ஒரு கறுத்தவன் போலீஸ் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றால் என்னவெல்லாம் ஆகும் என்று எனக்குத் தெரியும். என் தம்பிக்கு ஆனது. முன்கதவைத் தட்டித் திறக்கவைத்துக் குதித்து ஓடினேன்.

"சார், விடுங்க சார்! அவன் இலைக்காரன் சார். தண்ணியில போடுறவரைக்கும் பேச மாட்டான்!"

ஏட்டு கழுத்துப் பட்டனைச் சரிசெய்தார். உள்ளே வெள்ளை மணிமாலை ஒரு கீற்று தெரிந்து மறைந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தெரியும்மா. எங்கம்மாவும் கோயில்காரிதான். ஆனா புகார் வந்துடுச்சு, இவர்கிட்ட அடையாள அட்டையும் இல்ல. சொந்தக்காரங்க யாராவது வந்து இன்னாருன்னு சொன்னா இங்கயே விட்டுடலாம். இல்லன்னா ஸ்டேஷனுக்குத்தான். நீ யாரு இவருக்கு?"

அவசரத்தில் புத்தி எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? நான் மார்பில் கைவைத்து, தெருவே கேட்கக் கத்தினேன்.

"எம் புருஷன் சார்!"

பஸ்ஸில் ஜன்னல் ஜன்னலாகச் சிரிப்பு வெடித்தது. ஏட்டு ஜெனியின் வெள்ளி நகத்தைப் பார்த்தார், காதுச் சிப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவரா?"

ஜெனியோ கையிலிருந்த இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இல்லை இல்லை என்று தலையை ஆட்டுகிறான்! கையில் இலை, பொய் ஆகாதாம். அடப்பாவி, உன்னைக் காப்பாற்றத்தானேடா நான் மானத்தை விட்டேன்!

"அவரே இல்லங்கறாரேம்மா" என்றார் ஏட்டு. "போலீஸ்கிட்ட வெளையாடாத. தள்ளு." ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்.

ஜெனி என்னைப் பார்க்கவில்லை. ஏட்டைப் பார்க்கவில்லை. பஸ்ஸைப் பார்த்தான். டிரைவர் சீட்டை.

நானும் திரும்பினேன். பீரா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். நெற்றியில் வேர்வை. எனக்கு வந்த கோபத்தில் பஸ் கண்ணாடியையே உடைத்திருப்பேன். ஒரு வார்த்தைடா, தடியா! ஒரே ஒரு வார்த்தை!

"அண்ணே, டைம் ஆவுது, எடுங்க" என்றான் வாண்டர்லே.

ஜெனி தலையைக் குனிந்து ஜீப்புக்குள் ஒரு காலை வைத்தான். இலையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

பஸ் எஞ்சின் நின்றது. பீரா இறங்கினான். ஏட்டின் முன் வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"சார். இவர் பேரு ஜெனில்சன். படம் போடறவரு. இலை வைத்தியம் பாக்கறவரு. இன்னைக்குச் சாயங்காலம் கலைக்கூடத்துல இவரோட விழா."

"சரிப்பா. நீ யாரு?"

"நான் பஸ் டிரைவர் சார்."

"அது உன் சட்டையிலயே தெரியுது. இவருக்கு யாரு?"

பீரா தொப்பியைக் கையில் சுற்றினான். 'ஒண்ணுவிட்ட தம்பி' என்று சொன்னால் நானே அவனைக் கொன்றிருப்பேன்.

"எம் புருஷன் சார்" என்றான். தொப்பியைப் பார்த்துத்தான் சொன்னான்.

ஏட்டு பெருமூச்சு விட்டார். "என்னய்யா இது, காலங்காத்தால எத்தன பேருக்குத்தான் இவர் புருஷன்?" என்று கேட்டுவிட்டு ஜெனியின் முகத்தைப் பார்த்தார். ஜெனி இந்தமுறை தலையை மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தான். நிறுத்தவே இல்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாடைக்கு வந்துவிட்டது. ஏட்டு ஜீப்பின் கதவைச் சாத்தினார். "கூட்டிட்டுப் போய்யா. அடுத்தவாட்டி காவலாளிகிட்டச் சொல்லிட்டு வரச் சொல்லு" என்றவர், யோசித்துப் பார்த்து, "சரி, நீ வந்து சொல்லு" என்றார்.

பஸ்ஸில் எல்லாரும் வாண்டர்லேயைத்தான் பார்த்தார்கள். வாண்டர்லே கழுத்தைச் சொறிந்தான்.

"எங்களுக்கெல்லாம் தெரியும், அண்ணே" என்றான். "உங்க சாப்பாட்டு டப்பாவ வாசம் பாத்தாலே தெரியும். வீட்டுல யாரோ உசுரா இருக்காங்கன்னு. நீங்களா சொல்லட்டும்னு இருந்தோம்."

"அப்புறம் எதுக்குடா தெனம் கிண்டல் பண்ண?" என்று நான் பாய்ந்தேன்.

"நீங்க ஒருநாளாவது என் செவுள்ல ஒண்ணு விடுவீங்கன்னு பாத்தேன்" என்று பீராவிடமே சொன்னான். அது மன்னிப்பா, சமாளிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. நான் இன்னும் அவனை முழுசாக மன்னிக்கவும் இல்லை.

ஜெனி இதற்குள் பரபரத்துக் கொண்டிருந்தான். ஆறு வருஷமாகக் கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டாயிற்று, பதில் சொல்ல வாய் இல்லை! இலையைத் தூக்கித் தூக்கிக் காட்டுகிறான்.

"தண்ணி! யாராவது தண்ணி குடுங்க!" என்று நான் பஸ்ஸைப் பார்த்துக் கத்தினேன்.

மூன்றாவது சீட்டில் மடியில் பைபிளோடு ஒரு அம்மா இருந்தாள். எங்கள் சாமியைக் கண்டாலே மூக்கைப் பொத்துகிற கூட்டம். அவள் ஜன்னல் வழியாகத் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "பேயோ பிசாசோ, அந்தப் பிள்ள பேசட்டும். எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

பாட்டில் வாய் குறுகல், ரணகள்ளி இலையோ தடி. ஜெனி இலையை ஒவ்வொன்றாகச் சுருட்டித் திணிக்கிறான். அவசரத்தில் இலை நழுவுகிறது. பீரா பாட்டிலைப் பிடித்துக்கொண்டான். ஏட்டு, காவலாளி, பஸ் ஜனம் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. கடைசி இலை தண்ணீருக்குள் இறங்கியது.

ஜெனி வாயைத் திறந்தான்.

"இன்னொருவாட்டி சொல்லு" என்றான்.

"பஸ் லேட்டாவுது, ஜெனி."

"சொல்லுன்னேன்ல."

பீரா பஸ்ஸைப் பார்த்தான். அத்தனை ஜன்னலிலும் முகம். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தான். டிப்போ கூட்டத்தில் பேசுகிற குரலில், நிமிர்ந்து நின்று சொன்னான்.

"இவன் எம் புருஷன். பேரு ஜெனில்சன். யாருக்காவது ஏதாவது கேக்கணுமா?"

யாருக்கும் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பைபிள் அம்மா மட்டும் பாட்டில் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டாள்.

ஜெனி முன்படியில் ஏறினான். நேரே வந்து, நான் அத்தனை நேரம் கைப்பையை வைத்துப் பிடித்திருந்த சீட்டில், பீராவுக்குப் பின்னால், பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நான் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் கம்பியைப் பிடித்து நின்றேன். கடற்கரை வரை நின்றுகொண்டேதான் போனேன்.